எம்.எஸ். நோயில் நோயெதிர்ப்பு செல்களும் கிளியா செல்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், சுருக்கமாக எம்.எஸ்., பற்றி மாணவர்களிடமோ நோயாளிகளின் குடும்பத்தாரிடமோ பேசப் போனால் அதே பத்துப் பதினைந்து கேள்விகள்தான் ஆள் மாறி ஆள் மாறித் திரும்ப வருகின்றன. கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே அவற்றை இங்கே எழுதிவைத்திருக்கிறேன். மூளைத் திசுவை மெல்லியதாகச் சீவி, சாயமேற்றி, நுண்ணோக்கியில் பார்ப்பது பல ஆண்டுகளாக என் வேலை. பதில்களில் அந்த வாடை அடிக்கும். எந்த மருந்தை எடுப்பது, எதை நிறுத்துவது என்பதெல்லாம் உங்கள் நரம்பியல் மருத்துவரிடம் பேச வேண்டியவை.

1. எம்.எஸ். என்றால் நரம்புத் தளர்ச்சிதானே?

இல்லை. நரம்புத் தளர்ச்சி என்பது எதை வேண்டுமானாலும் திணித்துவைக்கும் பழைய மூட்டை. எம்.எஸ். குறிப்பான ஒரு நோய். மூளை, தண்டுவடம், பார்வை நரம்பு ஆகியவற்றில் ஆக்ஸான் எனப்படும் நரம்பிழைகளைச் சுற்றி மயலின் என்ற கொழுப்புறை இருக்கிறது. அது திட்டுத் திட்டாக அழிகிறது. அழிந்த இடம் காய்ப்புக் காய்த்ததுபோல் இறுகிப்போகிறது. ஸ்கிளிரோசிஸ் என்ற சொல் அந்த இறுக்கத்தைத்தான் குறிக்கிறது. 1868-இல் பாரிஸில் ழான்-மார்தன் ஷார்கோ இந்தத் திட்டுகளையும் நோயாளிகளின் அறிகுறிகளையும் பொருத்திக் காட்டி, இதைத் தனி நோயாக வரையறுத்தார்.

லக்சால் ஃபாஸ்ட் ப்ளூ என்ற சாயம் மயலினை நீலமாக்கும். சாயமேற்றிய கண்ணாடித் தகட்டை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தாலே போதும், பூச்சி அரித்த நீலத் துணிபோல ஆங்காங்கே வெளிறிய ஓட்டைகள் வெறுங்கண்ணுக்குத் தெரியும். நுண்ணோக்கியில் வைத்தால் பல ஓட்டைகளின் நடுவே ஒரு சிறு சிரை ஓடுவதைப் பார்க்கலாம். அந்தச் சிரையை நினைவில் வையுங்கள்.

2. மூளை என்றால் நியூரான்தானே? இந்தக் கிளியா எதற்கு?

நியூரான் எனப்படும் நரம்பு செல்களோடு மூளையில் வாழும் மற்றச் செல்கள்தான் கிளியா. கிளியா என்றால் கிரேக்க மொழியில் பசை. 1850-களில் ருடால்ஃப் ஃபிர்ஷோ வைத்த பெயர் அது; நியூரான்களை ஒட்டிவைக்கும் பசை என்றே அவர் கருதினார். பெயர் நின்றுவிட்டது, கருத்து நிற்கவில்லை. இந்த நோய்க்கு மூன்று வகைக் கிளியாவைத் தெரிந்துகொண்டால் போதும்.

ஒலிகோடென்ட்ரோசைட் மயலினைச் சுற்றுகிற செல். ஒரே செல் பல கைகளை நீட்டி, வெவ்வேறு ஆக்ஸான்களில் 50 துண்டுகள் வரை உறை போட்டுவிடும். அதனால் ஒரு செல் செத்தால் பல இழைகளில் ஒரே நேரத்தில் உறை போகிறது. ஆஸ்ட்ரோசைட் நட்சத்திர வடிவத்தில் இருக்கும். நியூரான்களுக்கு ஊட்டம் தருவது, உப்புச் சமநிலையைக் காப்பது, ரத்தநாளங்களைத் தன் பாதங்களால் போர்த்துவது எல்லாம் இதன் பொறுப்பு. மூன்றாவது மைக்ரோகிளியா. ஸ்பெயின் நாட்டு அறிஞர் பியோ டெல் ரியோ-ஒர்தேகா 1919-இல் தனியாகப் பிரித்துக் காட்டிய செல் இது. பிறப்பால் இது நோயெதிர்ப்புக் குடும்பத்தைச் சேர்ந்தது. கரு உருவாகும் தொடக்க நாட்களிலேயே கருவின் மஞ்சட்கருப் பையிலிருந்து புறப்பட்டு மூளைக்குள் குடியேறி, அங்கேயே பெருகித் தங்கிவிடுகிறது. தலைப்பில் நோயெதிர்ப்பு செல்கள், கிளியா என்று இரண்டாகப் பிரித்து எழுதியிருக்கிறேனே, அந்தக் கோட்டின் இரு பக்கமும் கால் வைத்து நிற்பது இந்தச் செல்தான்.

3. மூளைக்குள் நோயெதிர்ப்பு செல்களுக்கு அனுமதியே இல்லை என்று படித்தேன். பிறகு எப்படி நுழைகின்றன?

அனுமதியே இல்லை என்பது மிகை. ஆரோக்கியமாக இருப்பவரின் மூளையுறைகளிலும் தண்டுவட நீரிலும் டி செல்கள் என்ற நோயெதிர்ப்பு வெள்ளணுக்கள் சில எப்போதும் உலவிக்கொண்டுதான் இருக்கின்றன. மூளைத் திசுவுக்குள்தான் கெடுபிடி. அங்கே போக இரண்டு சுவர்களைத் தாண்ட வேண்டும். முதல் சுவர் ரத்தநாளத்தின் உட்புறச் செல்கள். அவை ஒன்றோடொன்று இறுகத் தைக்கப்பட்டிருக்கின்றன. இரண்டாவது, ஆஸ்ட்ரோசைட்டுகளின் பாதங்கள் சேர்ந்து அமைக்கும் படலம்.

எம்.எஸ். நோயில், உடலின் வேறெங்கோ தூண்டப்பட்ட டி செல் ரத்தத்தில் மிதந்து வந்து, முதல் கேள்வியில் சொன்ன அந்தச் சிறு சிரையின் உட்சுவரில் ஒட்டிக்கொள்கிறது. ஒட்டுவதற்கு அதன் மேற்பரப்பில் ஆல்ஃபா-4 இன்டெக்ரின் என்ற கொக்கி இருக்கிறது. கொக்கியை மூடிவிட்டால் செல் உள்ளே போகாது என்ற எண்ணத்தில் பிறந்த மருந்துதான் நட்டாலிசுமாப். 2004-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. 2005-இல் நிறுத்தப்பட்டது, 2006-இல் கண்காணிப்பு நிபந்தனைகளோடு திரும்பி வந்தது. காவலர்கள் உள்ளே போக முடியாததால் ஜே.சி. வைரஸ் சிலரது மூளையில் தலைதூக்கி, பி.எம்.எல். என்ற ஆபத்தான தொற்றை உண்டாக்கியதுதான் காரணம். மூளைக்கு இந்தச் செல்களின் ரோந்து எவ்வளவு தேவை என்பதை இதைவிடக் கடுமையாக யாரும் கற்பித்திருக்க முடியாது.

4. உள்ளே வந்த டி செல் நேராகப் போய் மயலினைக் கடித்துவிடுமா?

எல்லாரும் மனத்தில் வைத்திருக்கும் படம் இதுதான். நிஜத்தில் நடப்பது இன்னும் சுற்றுவழி. முதல் சுவரைத் தாண்டிய டி செல் இரண்டு சுவர்களுக்கும் இடைப்பட்ட குறுகிய சந்தில் காத்திருக்கிறது. வெட்டிய திசுவில், சிரையைச் சுற்றிக் கருநீல மணிகளை நெருக்கமாகக் கோத்ததுபோல அவை தெரியும். அந்தச் சந்தில் இருக்கும் வேறொரு செல், மயலின் துணுக்கு ஒன்றைத் தூக்கிக் காட்டி 'நீ தேடி வந்தது இதுதானா' என்று கேட்க வேண்டும். ஆமாம் என்றால் மட்டுமே டி செல் இரண்டாம் முறை தூண்டப்பட்டு இரண்டாவது சுவரையும் கடக்கிறது.

உள்ளே போன பிறகும் பெரும்பாலான சேதத்தை அது தன் கையால் செய்வதில்லை. சைட்டோகைன்கள் என்ற சமிக்ஞைப் புரதங்களை வெளியிட்டு மைக்ரோகிளியாவையும், ரத்தத்திலிருந்து வரும் மோனோசைட்டுகள் என்ற வெள்ளணுக்களையும் உசுப்பிவிடுகிறது. மயலினை உரித்துத் தின்பவை அவைதான். புதிய திட்டு ஒன்றில் இந்த விழுங்கு செல்கள் கொழுப்பை உண்டு உப்பி, நுரைக் குமிழ்களைப் போல நிற்கும். சிலவற்றின் வயிற்றுக்குள் இன்னும் செரிக்காத நீலத் துணுக்குகளைக்கூடப் பார்க்கலாம். பாடப்புத்தகங்கள் சி.டி.4 வகை டி செல்லைப் பற்றியே அதிகம் பேசினாலும், மனித மூளைத் திட்டுகளில் எண்ணிக்கையில் மிகுதியாக இருப்பவை சி.டி.8 வகை செல்கள். எலியில் உண்டாக்கும் மாதிரி நோயை அளவுக்கு மீறி நம்பியதன் விளைவு இந்த ஓரவஞ்சனை என்பது என் எண்ணம்.

5. அப்படியென்றால் மைக்ரோகிளியா நல்லதா, கெட்டதா?

இந்தக் கேள்விக்கு ஒற்றைச் சொல்லில் பதில் சொல்பவரை நம்பாதீர்கள். அழிந்த மயலினின் குப்பை அங்கேயே கிடந்தால் புதிய உறை உருவாகாது. குப்பையே அதைத் தடுக்கும். கூட்டிப் பெருக்குவது மைக்ரோகிளியாவும் அதன் உறவுக்கார விழுங்கு செல்களும். ஆகவே மயலினைத் தின்பதே ஒரு கட்டத்தில் குற்றம், அடுத்த கட்டத்தில் சேவை. செல் ஒன்றுதான், காலம்தான் வேறு.

வயதும் இதில் குறுக்கிடுகிறது. முதிய செல்கள் தின்ற கொழுப்பைச் செரித்து வெளியேற்றத் திணறுகின்றன. 2012-இல் வெளியான ஓர் ஆய்வில், வயதான எலியின் ரத்த ஓட்டத்தை இளம் எலியோடு இணைத்தார்கள். இளம் எலியிலிருந்து வந்த விழுங்கு செல்கள் குப்பையை அகற்ற உதவியதும், வயதான எலியிலும் மயலின் மீள்வது மேம்பட்டது. வேலைக்காரர்கள் மாறியதும் பழைய வீடு சுத்தமானது.

6. ஆஸ்ட்ரோசைட் வெறும் தழும்புதானே போடுகிறது?

தழும்பு அதன் கடைசி வேலை. அதற்கு வெகு முன்பே அது பேச்சில் கலந்துகொள்கிறது. வேதிச் சமிக்ஞைகளை விட்டு மேலும் செல்களை அழைக்கும். அதே செல் வேறொரு சூழலில் தன் பாதங்களை இறுக்கி வீக்கத்தை, அதாவது அழற்சியை, ஓரிடத்தில் கட்டிப்போடும்.

மைக்ரோகிளியா சொல்வதை ஆஸ்ட்ரோசைட் கேட்கிறது என்பதற்குத் தெளிவான சான்று 2017-இல் கிடைத்தது. தூண்டப்பட்ட மைக்ரோகிளியா இன்டர்லூகின்-1 ஆல்ஃபா, டி.என்.எஃப்., சி1க்யூ ஆகிய மூன்று புரதங்களை வெளியிட்டால், ஆஸ்ட்ரோசைட்டுகள் தங்கள் பராமரிப்பு வேலையைக் கைவிட்டு, நியூரான்களையும் ஒலிகோடென்ட்ரோசைட்டுகளையும் கொல்லும் நிலைக்கு மாறின. எம்.எஸ். திட்டுகளிலும் அத்தகைய ஆஸ்ட்ரோசைட்டுகள் இருந்தன. அந்த நிலைக்கு ஏ1 என்று பெயரிட்டார்கள், எதிர்நிலைக்கு ஏ2. நல்லவர் கெட்டவர் என்று இரண்டே பெட்டி போதாது என்று 2021-இல் இத்துறையினர் பலர் கூட்டாகவே எழுதிவிட்டார்கள். ஆனாலும் கருத்தரங்குகளில் அந்தப் பெட்டிகள் இன்னும் உலா வருகின்றன.

7. ஒலிகோடென்ட்ரோசைட் பாவம், அடி வாங்க மட்டுமே பிறந்ததா?

நானும் நெடுங்காலம் அப்படித்தான் நினைத்தேன். 2018-இல் ஸ்வீடனின் கரோலின்ஸ்கா ஆய்வகம் ஒன்று, எம்.எஸ். போன்ற நோய் உண்டாக்கிய எலிகளில் இந்தக் குடும்பத்துச் செல்களை ஒவ்வொன்றாகப் படித்துப் பார்த்தது. ஒலிகோடென்ட்ரோசைட்டின் முன்னோடிச் செல்கள் மயலின் குப்பையை விழுங்குகின்றன. டி செல்லிடம் துணுக்கைத் தூக்கிக் காட்டும் எம்.எச்.சி. மூலக்கூறுகளையும் மேற்பரப்பில் ஏந்துகின்றன. நான்காம் பதிலில் சந்தில் நின்று கேள்வி கேட்டதே ஒரு செல், கிட்டத்தட்ட அதே வேலை. எம்.எஸ். நோயாளிகளின் திசுவிலும் இந்த அடையாளம் காணப்பட்டது.

உறை போட வேண்டிய செல் டி செல்லோடு உரையாடத் தொடங்கினால் உறை போடும் வேலை பின்தங்கும், தானே இலக்காகும் அபாயமும் கூடும். தாக்குபவர், தாக்கப்படுபவர் என்று எழுதப்பட்ட போர்க்கதை எனக்குச் சலித்துப்போனது இங்கேதான்.

8. பி செல் என்ற வெள்ளணுவின் வேலை எதிர்ப்பொருள் (ஆன்டிபாடி) தயாரிப்பதுதானே? அதை அழித்தால் எம்.எஸ். அடங்குகிறது என்றால் எதிர்ப்பொருள்தான் குற்றவாளியா?

நியாயமான ஊகம்தான். ஆனால் எதிர்ப்பொருளைச் சுரக்கும் பிளாஸ்மா செல்களின் மேல் சி.டி.20 என்ற அடையாளம் இல்லை. 2017-இல் அனுமதி பெற்ற ஆக்ரலிசுமாப் போன்ற மருந்துகள் அந்த அடையாளம் உள்ள பி செல்களை மட்டுமே நீக்குகின்றன. ஆகவே எதிர்ப்பொருள் அளவு பெரிதாகக் குறையும் முன்பே மீள்தாக்குதல்கள், அதாவது நோய் திடீரெனத் திரும்பக் கிளர்வது, குறைந்துவிடுகின்றன. தண்டுவட நீரில் எம்.எஸ். நோயாளிகளில் பெரும்பாலானோருக்குத் தென்படும் ஒலிகோகுளோனல் பட்டைகள் என்ற எதிர்ப்பொருள் தடயங்களும் சிகிச்சைக்குப் பிறகு பொதுவாக அப்படியே இருக்கின்றன. பி செல்லின் தீங்கு பெரும்பாலும் டி செல்லுக்குத் துணுக்கு காட்டுவதிலும், வீக்கமூட்டும் சைட்டோகைன்களை விடுவதிலும் இருக்கிறது என்ற முடிவுக்கு வர இதுவே வழிவகுத்தது.

9. காய்ச்சல் வந்தாலோ வெந்நீரில் குளித்தாலோ பார்வை மங்குகிறது. புதுத் தாக்குதலா?

பெரும்பாலும் இல்லை. உறை இழந்த ஆக்ஸானில் மின்சமிக்ஞை ஏற்கெனவே தள்ளாடித்தான் போகிறது. உடல் சூடு சற்றே ஏறினாலும் நின்றுவிடும். சூடு தணிந்தால் பார்வை திரும்பும். ஊட்ஹாஃப் நிகழ்வு என்று இதற்குப் பெயர். ஒரு நாளுக்கு மேல் நீடித்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

10. எல்லாவற்றுக்கும் ஒரு வைரஸ்தான் காரணம் என்கிறார்களே?

எப்ஸ்டைன்-பார் வைரஸைச் சொல்கிறீர்கள். 2022-இல் வெளியான ஆய்வு வலுவானது. ஒரு கோடிக்கும் மேற்பட்ட அமெரிக்கப் படைவீரர்களின் ரத்த மாதிரிச் சேமிப்பைப் பயன்படுத்தியபோது, இந்தத் தொற்று ஏற்பட்ட பிறகு எம்.எஸ். வரும் வாய்ப்பு 32 மடங்கு உயர்ந்திருந்தது. மற்ற வைரஸ்களோடு அப்படி எந்தத் தொடர்பும் தெரியவில்லை. ஆனால் உலகில் வயதுவந்தோரில் ஏறத்தாழ எல்லாருக்கும் இந்தத் தொற்று வந்து போயிருக்கிறது, எம்.எஸ். மிகச் சிலருக்கே வருகிறது. கதவைத் திறப்பது வைரஸாக இருக்கலாம். உள்ளே நடப்பது முழுக்க அதன் கையில் இல்லை.

நம் பேச்சோடு நேரடியாகத் தொடர்புள்ளது அதே ஆண்டில் வந்த இன்னொரு கண்டுபிடிப்பு. இந்த வைரஸின் ஈ.பி.என்.ஏ.1 என்ற புரதத்தின் ஒரு பகுதியும் கிளியல்கேம் என்ற புரதத்தின் ஒரு பகுதியும் ஒன்றுபோல இருக்கின்றன. ஒன்றைப் பிடிக்கும் எதிர்ப்பொருள் மற்றதையும் பிடிக்கிறது. கிளியல்கேம் இருப்பது ஆஸ்ட்ரோசைட்டிலும் ஒலிகோடென்ட்ரோசைட்டிலும். எல்லா நோயாளிகளிடமும் இந்த ஆள்மாறாட்டம் காணப்படவில்லை, ஒரு பகுதியினரிடம்தான். எட்டாம் பதிலில் எதிர்ப்பொருளைச் சற்று ஓரங்கட்டினேன். முழுமையாக விடுதலை செய்துவிடவில்லை என்பதை இங்கே சேர்த்துக்கொள்ளுங்கள்.

11. ஆறாம் பதிலில் டி.என்.எஃப். தீயது என்றீர்கள். அதைத் தடுக்கும் மருந்து மூட்டுவாதத்துக்கு இருக்கிறதே, இதற்கும் கொடுக்கலாமே?

கொடுத்துப் பார்த்தார்கள். டி.என்.எஃப். தடுப்பான லெனர்செப்ட் பற்றிய முடிவுகள் 1999-இல் வந்தன: மருந்து பெற்றவர்களுக்கு மீள்தாக்குதல் கூடியது. டி.என்.எஃப். இரண்டு ஏற்பிகள் வழியாகப் பேசுகிறது. முதல் ஏற்பி வழியாக வீக்கம்; இரண்டாவது ஏற்பி வழியாக, ஒலிகோடென்ட்ரோசைட்டின் முன்னோடிச் செல்கள் பெருகி உறையை மீட்கும் வேலை. எலிகளில் 2001-இல் இது காட்டப்பட்டது. வாயை மொத்தமாகப் பொத்தினால் நல்ல வார்த்தையும் வெளியே வராது. மூட்டுவாதம் உள்ளவர்களில் எம்.எஸ்.ஸும் இருப்பவர்களுக்கு டி.என்.எஃப். தடுப்பு மருந்தைப் பொதுவாகத் தவிர்ப்பதற்கு இதுவே காரணம்.

இதற்கு முன்பும் ஒரு சூடு உண்டு. 1987-இல் இன்டர்ஃபெரான் காமா என்ற சைட்டோகைனைக் கொடுத்த 18 பேரில் 7 பேருக்குச் சிகிச்சைக் காலத்திலேயே நோய் கிளர்ந்தது. அதன் உறவான இன்டர்ஃபெரான் பீட்டாவோ 1993-இல் எம்.எஸ்.ஸின் முதல் மருந்துகளில் ஒன்றாக அனுமதி பெற்றது. குடும்பப் பெயரை வைத்துக் குணத்தை முடிவு செய்ய முடியாது.

12. மருந்து வேலை செய்கிறது, எம்.ஆர்.ஐ.யில் புதுப் புள்ளி ஒன்றும் இல்லை என்கிறார் டாக்டர். ஆனால் அப்பாவின் நடை வருடா வருடம் மோசமாகிறது. யார் சொல்வது பொய்?

யாரும் பொய் சொல்லவில்லை. என்னை அதிகம் யோசிக்கவைத்த கேள்வி இது. நமது வலுவான மருந்துகள் பெரும்பாலும் வெளியிலிருந்து வரும் செல்களைத் தடுப்பவை. அந்த நுழைவுதான் புதுத் திட்டையும் திடீர்த் தாக்குதலையும் உண்டாக்குகிறது. அது நின்றால் எம்.ஆர்.ஐ. அமைதியாக இருக்கும். ஆனால் ஏற்கெனவே உள்ளே தங்கிவிட்ட செல்கள் மூடிய கதவுக்குப் பின்னால் தொடர்ந்து இயங்குகின்றன.

பழைய திட்டு ஒன்றின் விளிம்பைப் பாருங்கள். நடுவில் செல்கள் குறைந்து அமைதியாக இருக்கும். ஓரத்தில் மட்டும் மைக்ரோகிளியா வரிசைகட்டி நிற்கும். இரும்பைக் காட்டும் சாயம் போட்டால் அந்த ஓரம் வளையமாகத் தெளிவடைகிறது, ஏனென்றால் அந்தச் செல்கள் இரும்பைத் தின்று வைத்திருக்கின்றன. நீறு பூத்த நெருப்பு என்று நம் மொழியில் சொல்வதற்கு இதைவிடப் பொருத்தமான காட்சியை நான் பார்த்ததில்லை. இரும்பு காந்தப்புலத்தைக் குலைப்பதால், அதற்கென எடுக்கும் சிறப்பு எம்.ஆர்.ஐ. படங்களில் உயிரோடு இருப்பவரின் மூளையிலும் அந்த வளையம் கறுப்பாகத் தெரியும். 2019-இல் வந்த ஓர் ஆய்வில், இத்தகைய வளையத் திட்டுகள் நான்கோ அதற்கு மேலோ இருந்தவர்கள் இளைய வயதிலேயே இயலாமையை எட்டியிருந்தார்கள். 2021-இல் அந்த விளிம்புச் செல்களைத் தனித்தனியாகப் படித்தபோது, டி செல், மைக்ரோகிளியா, ஆஸ்ட்ரோசைட் மூன்றும் ஒன்றையொன்று தூண்டிக்கொண்டிருப்பதும், அதில் சி1க்யூ முக்கியப் பங்காற்றுவதும் தெரிந்தது. ஆறாம் பதிலில் பார்த்த அதே சி1க்யூ.

விளிம்பு மட்டுமே காரணம் என்றும் நினைக்க வேண்டாம். மூளையுறைகளில் பி செல்கள் திரள் திரளாகத் தங்கி, அடியிலுள்ள புறணியை, அதாவது மூளையின் வெளிப்புற அடுக்கை, மெல்ல அரிப்பதும் உண்டு. வழக்கமான எம்.ஆர்.ஐ.யில் புறணிச் சேதம் எளிதில் சிக்காது.

13. அப்படியானால் அந்த மைக்ரோகிளியாவையே மருந்தால் அடக்கினால் என்ன?

அந்த முயற்சி நடக்கிறது. பி செல்லிலும் மைக்ரோகிளியாவிலும் பி.டி.கே. என்ற நொதி இருக்கிறது. ரத்த-மூளைத் தடுப்பைக் கடந்து போய் அதைத் தடுக்கும் டோலெப்ருடினிப் என்ற மாத்திரையின் முடிவுகள் 2024-இல் வெளியாயின. மீள்தாக்குதல் இல்லாமல் மெல்ல மோசமாகும் இரண்டாம்நிலை எம்.எஸ். நோயாளிகளில், போலி மாத்திரை பெற்றவர்களோடு ஒப்பிட்டால் இயலாமை கூடும் அபாயம் 31 விழுக்காடு குறைந்தது. மீள்தாக்குதல் வகை நோயாளிகளிடம் நடந்த சோதனையிலோ, பழைய மருந்தான டெரிஃப்ளூனமைடைவிட மீள்தாக்குதலை அது அதிகம் குறைக்கவில்லை. பன்னிரண்டாம் பதிலில் சொன்ன பிரிவு, தாக்குதல் ஒன்று, மெல்லச் சரிவது வேறு என்பது, ஒரே மருந்தின் இரண்டு சோதனைகளில் இவ்வளவு துலக்கமாகத் தெரிந்தது எனக்கே வியப்பு. கல்லீரல் பாதிப்பு இந்த மருந்தின் பெரிய கவலை.

மைக்ரோகிளியாவை மொத்தமாக ஒழிப்பது பற்றிக் கேட்டால், ஐந்தாம் பதிலை மறுபடி படியுங்கள்.

14. போன மயலின் திரும்ப வருமா?

வரும், ஓரளவுக்கு. நீலச் சாயமிட்ட தகட்டில் சில திட்டுகள் முழு வெள்ளையாக இல்லாமல் மங்கிய நீலத்தில் இருக்கும். நிழல் திட்டுகள் என்பார்கள். அங்கே முன்னோடிச் செல்கள் முதிர்ந்து புது உறை போட்டிருக்கின்றன, பழையதைவிட மெல்லியதாக. பல திட்டுகளில் இந்த முன்னோடிகள் பக்கத்திலேயே இருந்தும் முதிராமல் நின்றுவிடுகின்றன. சுற்றியுள்ள குப்பையும் வீக்கச் சமிக்ஞைகளும் அதற்கு ஒரு காரணம்.

நோயெதிர்ப்பு செல் உதவவும் செய்யும் என்பதற்கு 2017-இல் ஒரு நல்ல எடுத்துக்காட்டு வந்தது: ஒழுங்குபடுத்தும் டி செல்கள் ஒரு புரதத்தைச் சுரந்து எலிகளில் முன்னோடிச் செல்களை முதிரத் தூண்டின. அதே ஆண்டு, கிளமஸ்டின் என்ற பழைய ஒவ்வாமை மாத்திரையை 50 நோயாளிகளிடம் சோதித்தபோது கண்ணிலிருந்து மூளைக்குச் சமிக்ஞை போகும் நேரம் சற்றுக் குறைந்தது. மில்லிவினாடிக் கணக்கில்தான். அதை நம்பி நீங்களாக வாங்கிச் சாப்பிடாதீர்கள்.

15. என்.எம்.ஓ. (நியூரோமயலைடிஸ் ஆப்டிகா) என்பதும் இதே நோய்தானா?

இல்லை. அறிகுறிகள் ஒத்திருப்பதால் நெடுங்காலம் ஒன்றாகக் கருதப்பட்டது. என்.எம்.ஓ.வில் பெரும்பாலானோருக்கு, ஆஸ்ட்ரோசைட்டின் பாதங்களில் உள்ள அக்வபோரின்-4 என்ற நீர்வழியைத் தாக்கும் எதிர்ப்பொருள் இருக்கிறது. 2004-இல் அந்த எதிர்ப்பொருளும் மறு ஆண்டில் அதன் இலக்கும் கண்டுபிடிக்கப்பட்டன. முதலில் விழுவது ஆஸ்ட்ரோசைட். மயலின் பின்னால் போகிறது. இன்டர்ஃபெரான் பீட்டா, நட்டாலிசுமாப் போன்ற எம்.எஸ். மருந்துகள் என்.எம்.ஓ.வை மோசமாக்கலாம் என்பதால் பிரித்தறிவது உயிர் சார்ந்த விஷயம்.

16. கடைசியாக ஒன்று. முதலில் கெட்டது வெளியே உள்ள நோயெதிர்ப்பு செல்லா, உள்ளே உள்ள கிளியாவா?

ஆய்வாளர்களிடையே இந்த வழக்கு இன்னும் முடியவில்லை. வெளியே என்பதற்குச் சாட்சிகள் அதிகம்: மூன்றாம், எட்டாம் பதில்களில் பார்த்த மருந்துகள் ரத்தத்தில் உள்ள செல்களைத் தடுத்தே தாக்குதலை நிறுத்துகின்றன. உள்ளே என்பவர்கள், வீக்கம் பரவும் முன்பே ஒலிகோடென்ட்ரோசைட்டுகள் செத்துக் கிடக்கும் சில திட்டுகளைக் காட்டுகிறார்கள்.

மரபணுக்கள் தரும் பதில் எனக்குப் பிடித்தது. எம்.எஸ். வரும் வாய்ப்பைக் கூட்டும் இருநூறுக்கும் மேற்பட்ட மரபணு இடங்களை 2019-இல் தொகுத்தார்கள். அவை டி செல், பி செல் போன்ற நோயெதிர்ப்பு செல்களில் வேலை செய்பவை. மூளைக்குள் பார்த்தால் மைக்ரோகிளியாவில். 2023-இல் வேறொரு கேள்வி கேட்டார்கள்: வந்த நோய் எவ்வளவு வேகமாக மோசமாகிறது என்பதை எந்த மரபணுக்கள் தீர்மானிக்கின்றன? இம்முறை கிடைத்த தடயங்கள் ரத்தச் செல்களைக் காட்டவில்லை, மூளை மற்றும் தண்டுவடத்தின் திசுவைக் காட்டின.